சம்மதிச்சுத்தானே வித்தாங்க?

2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பகுதியில் விசைத்தறித் தொழிலாளர்களிடம் கிட்னி வாங்கப்பட்டதாகச் செய்தி வந்தது. புரோக்கர்கள், கடன், போலி ஆவணங்கள் என்று குற்றச்சாட்டுகள். அரசு விசாரணை நடந்தது, இரண்டு தனியார் மருத்துவமனைகளின் உறுப்பு மாற்று உரிமத்தில் கை வைத்தார்கள், அப்புறம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. வழக்கு எப்படி முடியும் என்பது நீதிமன்றத்தின் வேலை. எனக்கு அந்த நாட்களில் காதில் விழுந்துகொண்டே இருந்த ஒரு வாக்கியம்தான் முக்கியம்: “யாரும் கத்தியக் காட்டிப் புடுங்கலையே, அவங்களே சம்மதிச்சுத்தானே வித்தாங்க?”

இதைச் சொல்பவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பலர் உண்மையிலேயே குழம்பித்தான் கேட்கிறார்கள். எதிரே நிற்பவர்களோ பெரும்பாலும் “ச்சீ, மனுஷ உடம்ப விக்கிறதா?” என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். அருவருப்பு ஒரு காரணம் ஆகாது. ஒரு காலத்தில் பிணத்தை அறுத்துப் படிப்பதும் ரத்தம் ஏற்றிக்கொள்வதும்கூட மக்களுக்கு அருவருப்பாகத்தான் இருந்திருக்கின்றன. அதனால் கேள்வியை முதலில் அதன் பலமான வடிவத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பலமான வடிவத்தை எழுதியவர்களில் முக்கியமானவர் ஜேனட் ராட்கிளிஃப் ரிச்சர்ட்ஸ் என்கிற பிரிட்டிஷ் தத்துவவாதி. 1998இல் லான்செட் மருத்துவ இதழில் அவரும் சிலரும் சேர்ந்து எழுதிய கட்டுரையின் சாரத்தை நம்மூர்ப் பேச்சில் சொன்னால் இப்படி வரும்: ஒருத்தனுக்கு ரெண்டே வழிதான் இருக்கு, ரெண்டும் மோசம். அதில் குறைஞ்ச மோசம்னு அவன் நினைக்கிறதை நீ போய் அடைச்சுட்டு வர்றே. அடைச்சதால அவன் வறுமை போச்சா? இல்லை. இருந்த ஒரு வழியும் போச்சு. அவனுடைய நிலைமை நம் கண்ணை உறுத்துகிறது என்பதற்காக, நிலைமையை விட்டுவிட்டு உறுத்துகிற காட்சியை மட்டும் அகற்றுகிறோம். இன்னொரு பக்கம் கிட்னி கிடைக்காமல் ஒரு நோயாளி சாகிறார். ஆக ரெண்டு பேருக்கும் நஷ்டம், நமக்கு மட்டும் மனத்திருப்தி.

இதற்கு “கிட்னி எடுத்தா ஆபத்து” என்று பதில் சொன்னால் நிற்காது. அமெரிக்காவில் கிட்னி கொடுத்த 80,000க்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் வந்த ஆய்வில், ஆபரேஷன் முடிந்து 90 நாளைக்குள் இறந்தவர்கள் பத்தாயிரத்துக்கு சுமார் 3 பேர். நல்ல பரிசோதனை, நல்ல பராமரிப்பு உள்ள இடத்துக் கணக்கு அது என்பதை மறக்கக் கூடாது. இருந்தாலும் ஆபத்துதான் பிரச்சினை என்றால் நடுக்கடல் மீன்பிடிப்பையும், சிவகாசியில் மருந்து செலுத்துகிற வேலையையும், பதினைந்தாவது மாடியில் சாரம் கட்டுவதையும் என்ன செய்வது? காசுக்காக ஏழை உடம்பைப் பணயம் வைக்கிற வேலைகளின் மேல்தான் நம் ஊர்களே நிற்கின்றன. அதையெல்லாம் தடை செய்யாத நமக்கு இதை மட்டும் தடுக்க என்ன உரிமை என்று கேட்டால், சும்மா முறைத்துவிட்டுப் போக முடியாது.

சரி, விற்றவர்களுக்கு என்ன ஆச்சு என்று பார்ப்போம். நல்லவேளையாக (அல்லது கெட்டவேளையாக) இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே அதிகம் எடுத்துக்காட்டப்படும் பதில் சென்னையிலிருந்துதான் கிடைத்தது.

1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வருகிற வரைக்கும் இந்தியாவில் கிட்னி விற்பதைத் தடுக்கத் தனிச் சட்டம் கிடையாது. சென்னையும் பம்பாயும் பெங்களூரும் வெளிநாட்டுக்காரர்கள் தேடி வரும் இடங்களாக இருந்தன. வில்லிவாக்கத்தை ‘கிட்னிவாக்கம்’ என்று பத்திரிகைகள் கேலியாக எழுதிய காலம் அது. சட்டம் வந்த பிறகும் வியாபாரம் நின்றுவிடவில்லை. 2001இல் ஓர் ஆய்வுக் குழு சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைத் தேடிப் பிடித்துப் பேசியது. விற்று சராசரியாக ஆறு வருஷம் ஆனவர்கள், பெரும்பாலும் பெண்கள். 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முடிவுகள் வந்தன. 96 சதவீதம் பேர் விற்றது கடனை அடைக்க. கைக்கு வந்த சராசரித் தொகை அன்றைய கணக்கில் 1,070 டாலர். ஆறு வருஷம் கழித்து, நாலில் மூணு பேர் திரும்பவும் கடனில் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 சதவீதம் பேர் உடம்பு முன்புபோல இல்லை என்றார்கள். 79 சதவீதம் பேர், வேறு யாராவது விற்கப் போனால் வேண்டாம் என்றுதான் சொல்வோம் என்றார்கள்.

இதில் எனக்கு மிகவும் உறுத்துவது நடுவில் உள்ள எண். கடனை அடைக்கத்தான் விற்றார்கள், ஆனால் கடன் அடையவில்லை. ஒரு கிட்னி போய்விட்டது, கடன் அங்கேயே நிற்கிறது.

“அது கள்ளச் சந்தை, புரோக்கர் தின்னுட்டான். அரசாங்கமே நடத்தி நல்ல விலை கொடுத்தால்?” என்று அடுத்த கேள்வி வரும். ஈரான் 1988 முதல் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது. புரோக்கர் கிடையாது, நோயாளிகள் சங்கம் வழியாகத்தான் ஏற்பாடு. அரசு ஒரு தொகை தருகிறது, வாங்குபவரும் ஒரு தொகை தருகிறார், வெளிநாட்டுக்காரருக்கு ஈரானியர் விற்க முடியாது. புரோக்கர் அடிக்கிற கொள்ளை என்கிற பிரச்சினையை அது நிஜமாகவே பெரிய அளவுக்குக் குறைத்தது. ஆனால் அங்கேயும் விற்பவர்கள் பெரும்பாலும் ஏழைகள்தான், கடன்தான் அங்கேயும் வழக்கமான காரணம். ஆக புரோக்கரை எடுத்துவிட்டாலும் மிச்சம் இருக்கிற ஒன்றைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. அதைச் சரியாகப் பார்த்தவர், என் கணிப்பில், தத்துவவாதி இல்லை, ஒரு மானுடவியலாளர்.

லாரன்ஸ் கோஹன் என்கிற அந்த அமெரிக்கர் 1990களின் கடைசியில் சென்னையில் கிட்னி விற்ற பெண்களிடம் பேசினார். ஏன் புருஷன் விற்கவில்லை என்றால், அவர் வேலைக்குப் போக உடம்பில் பலம் வேண்டும் என்றார்கள். (வீட்டு வேலைக்கும் பத்துப் பாத்திரம் தேய்க்கிற வேலைக்கும் பலம் வேண்டாம் போலிருக்கிறது.) பெரும்பாலோர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், அதனால் ‘ஆபரேஷன்’ என்பது அந்த வீடுகளில் புதுச் சொல் இல்லை. இன்னொரு கிட்னி இருந்தால் திரும்பக் கொடுப்பீர்களா என்றதற்கு, கொடுப்போம், கடன் திரும்ப வந்துவிட்டதே, வேறு வழி என்ன என்கிற மாதிரி பதில் வந்தது. மேலோட்டமாகப் படித்தால் இது “சம்மதிச்சுத்தானே” கட்சிக்குச் சாதகமான சாட்சியம் மாதிரித் தெரியும். ஆனால் கோஹன் கவனித்த இன்னொரு விஷயம் அதைத் தலைகீழாக்குகிறது. கிட்னி விற்பது சகஜமாகிவிட்ட பகுதிகளில், வட்டிக்கு விடுகிறவர்களின் கணக்கே மாறியிருந்தது. அந்தப் பகுதிப் பெண்ணிடம் விற்கக்கூடிய ஒன்று இருக்கிறது என்று கடன்காரனுக்குத் தெரியும். அதை மனசில் வைத்துக் கடன் தருகிறான், அதை மனசில் வைத்து நெருக்குகிறான். கிட்னி அடமானப் பொருள் ஆகிவிட்டது, எந்தப் பத்திரத்திலும் எழுதாமலே.

நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. நகைக்கடன் இருக்கிற ஊரில் வளர்ந்தவர்கள்தானே நாம். வட்டி வாங்க வருகிறவன் “பணம் இல்லையா?” என்று கேட்டுவிட்டு நேராகப் பார்ப்பது காதையும் கழுத்தையும்தான். “காதுல கிடக்கிறத வெச்சாவது குடுங்க” என்பது எத்தனை வீட்டு வாசலில் கேட்ட வசனம்! கம்மல் போட்டிருக்கிறவள் “என்கிட்ட ஒண்ணும் இல்ல” என்று சொல்ல முடியாது. கம்மலை அடகு வைக்க முடியும் என்கிற சாத்தியமே அவளுடைய ‘இல்லை’யைப் பொய்யாக்கிவிடுகிறது. இப்போது கம்மல் இருக்கிற இடத்தில் கிட்னியை வைத்துப் பாருங்கள். எல்லாருக்கும் ரெண்டு இருக்கிறது. ஆக இனி யாராலும் “என்கிட்ட ஒண்ணும் இல்ல” என்று சொல்ல முடியாது. “பக்கத்து வீட்டுக்காரி குடுத்து கடன அடைச்சாளே, உனக்கு மட்டும் என்ன?” என்று கேட்பது வட்டிக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மாமியாராக இருக்கலாம், புருஷனாக இருக்கலாம், வரதட்சணை பாக்கிக்காகக் காத்திருக்கிற சம்பந்தியாக இருக்கலாம்.

சைமன் ரிப்பன் என்கிற தத்துவவாதி இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார். கிட்னியை விற்றவருக்கு அதனால் லாபமே கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும், விற்கலாம் என்கிற வழியைத் திறந்ததன் விலையை விற்காதவர்களும் சேர்ந்து கொடுக்கிறார்கள். முன்பு விற்காமல் இருப்பதற்கு அவர்கள் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இப்போது சொல்ல வேண்டும். “அவர் சம்மதிச்சாரே” என்கிற வாக்கியம் விற்ற ஒருத்தரை மட்டும் பார்க்கிறது. அந்தத் தெருவில் விற்காமல் இருக்கிற மற்ற முப்பது பேரின் பேரம் பேசும் நிலைமை என்ன ஆகிறது என்பது அதன் கண்ணில் படவே படாது.

பள்ளிபாளையம், குமாரபாளையம் தறி வட்டாரத்தில் இதற்கு ஏற்கெனவே ஓர் உதாரணம் உண்டு: முன்பணம். தறி முதலாளியிடம் வேலைக்குச் சேரும்போது அட்வான்ஸ் வாங்குவது வழக்கம். அதைத் திருப்பித் தராமல் வேறு தறிக்கு மாற முடியாது. புது முதலாளி பழைய கடனை அடைத்துக் கூட்டிப்போவார், கடன் ஆள் மாறும், ஆள் மாறாது. ஒவ்வொரு தடவையும் சம்மதித்துத்தான் வாங்குகிறார்கள். கல்யாணம், பிரசவம், காதுகுத்து என்று அவசரத்துக்கு உதவுகிறது என்பதும் உண்மை. ஆனா அட்வான்ஸ் வாங்குவது எல்லாருக்கும் சாத்தியம் என்றான பிறகு, அட்வான்ஸ் வாங்காமல் நல்ல கூலி மட்டும் கேட்கிற தொழிலாளிக்கு அந்தச் சந்தையில் இடம் குறுகிப்போகிறது.

“அப்படின்னா சம்மதத்துக்கு மதிப்பே இல்லையா, ஏழை சொன்னால் சம்மதம் இல்லையா?” இந்தக் கேள்வி நியாயமானது, கொஞ்சம் கூச்சப்பட வைப்பதும்கூட. ஏழைக்குத் தன் நல்லது கெட்டது தெரியாது என்று நான் சொல்லவில்லை. விற்ற பெண் தெளிவாகவே யோசித்திருக்கிறாள். அன்றைக்கு அவளுக்கு முன்னால் இருந்த கணக்குப்படி அது சரியான முடிவாகக்கூட இருந்திருக்கலாம். பிரச்சினை அவள் புத்தியில் இல்லை, அந்தக் கணக்கை யார் போட்டுக் கொடுத்தது என்பதில்.

சம்மதித்தாலும் செல்லாது என்று நம் சட்டம் சொல்கிற இடங்கள் வேறு உண்டு, அதை யாரும் ஏழையை அவமதிப்பதாக நினைப்பதில்லை. 1908ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவைப் பாருங்கள். கடனுக்காக நீதிமன்றம் ஜப்தி செய்யும்போது எதையெல்லாம் தொடக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது: உடுத்தத் தேவையான துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை (நம்மூரில் தாலி என்று படித்துக்கொள்ளுங்கள்), கைத்தொழில் செய்பவரின் கருவிகள், விவசாயியின் மாடு, விதை நெல். படிக்கவே ஒரு மாதிரி நெகிழ்ச்சியாக இருக்கும், ஒரு சட்டப் புத்தகத்தில் விதை நெல் வந்து உட்கார்ந்திருப்பது. ஆனால் சுவாரசியம் அதற்குப் பின்னால் 1976 திருத்தத்தில் சேர்த்த உட்பிரிவில் இருக்கிறது. இந்தப் பாதுகாப்பு எனக்கு வேண்டாம் என்று கடனாளியே எழுதிக் கொடுத்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது.

ஏன் அப்படி? வேண்டாம் என்று எழுதித் தர முடியும் என்றால், கடன் தருகிற ஒவ்வொருவனும் முதல் பக்கத்திலேயே அதை எழுதி வாங்கிவிடுவான். எழுதித் தராதவனுக்குக் கடனே கிடைக்காது. அப்புறம் அந்தப் பாதுகாப்பு புத்தகத்தில் மட்டும்தான் இருக்கும். விட்டுக்கொடுக்க முடியாது என்பதால்தான் அது பாதுகாப்பாகவே இருக்கிறது. “அய்யா, நான் கொடுக்கத் தயார்தான், சட்டம் ஒத்துக்காதே” என்று சொல்ல முடிவதில்தான் கடனாளியின் பலம் இருக்கிறது.

குறைந்தபட்சக் கூலியும் இதே கதைதான். அதற்குக் கீழே வேலை செய்யத் தயாராக இருக்கிறவர் எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் அந்தச் சம்மதம் கணக்கில் வராது. 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில், பசியும் வறுமையும் தள்ளிவிட்டு ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்தால் அதுவும் கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கத்தி காட்டினால்தான் கட்டாயம் என்பதில்லை.

இங்கே ஒரு இடறல் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. 60ஆம் பிரிவு ஜப்தியைத்தான் தடுக்கிறது. சமையல் பாத்திரத்தை நானே கொண்டுபோய்க் கடையில் விற்றால் சட்டம் கேட்காது. கிட்னிக்கு மட்டும் விற்பனையையே ஏன் தடுக்க வேண்டும்? என் பதில் இது: கிட்னியை எந்த நீதிமன்றமும் ஜப்தி செய்யப்போவதில்லை, எந்தக் கடன்காரனும் கையால் தொடப்போவதில்லை. அது கைமாறுவதற்கு இருக்கிற ஒரே வாசல் ‘நானே விற்றேன்’ என்பதுதான். நெருக்கடி முழுவதும் அந்த வாசல் வழியாகத்தான் வந்தாக வேண்டும், வரும்போது சம்மதம் என்கிற சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வரும். அதனால் பூட்டு அங்கேதான் போட வேண்டியிருக்கிறது. தவிர, பாத்திரத்தை அடுத்த தை மாதம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

தடை சரி என்று சொல்வதால் நம் சட்டம் முழுக்கச் சரி என்று ஆகாது. 1994 சட்டத்தின் 19ஆம் பிரிவு உறுப்புக்குப் பணம் கொடுப்பவரை மட்டுமல்ல, வாங்குபவரையும் குற்றவாளியாக்குகிறது. 2011 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை 5 முதல் 10 வருஷம், அபராதம் 20 லட்சம் முதல் 1 கோடி. புரோக்கருக்கும் தறித் தொழிலாளிக்கும் ஒரே தராசு. விளைவு என்ன? பேசிய தொகையில் பாதிதான் வந்தது என்றாலோ, தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்தாலோ, அவர் எங்கே போய்ச் சொல்வார்? போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் முதலில் அவர் மேல்தான் வழக்கு. புரோக்கருக்கு இதைவிட வசதியான சட்டம் கிடைக்காது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தபோது அட்வான்ஸ் வாங்கிய தொழிலாளியை அது தண்டிக்கவில்லை. கடனை ரத்து செய்தது, கட்டி வைத்தவனைத் தண்டித்தது. அந்தப் புத்தி இந்தச் சட்டத்துக்கு வரவில்லை.

இந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் ஒரு ஜன்னலும் உண்டு. நெருங்கிய உறவு அல்லாதவர், “அன்பு அல்லது பற்று” காரணமாகவோ வேறு சிறப்புக் காரணத்தாலோ, அங்கீகாரக் குழுவின் ஒப்புதலோடு உறுப்பு தரலாம். நல்ல எண்ணத்தில் வைத்த ஜன்னல்தான். குழு என்ன பார்க்க வேண்டும் என்று 2014 விதிகள் விவரமாகச் சொல்கின்றன: இருவருக்கும் என்ன பழக்கம் என்பதற்கு ஆவணம், சேர்ந்து எடுத்துக்கொண்ட பழைய போட்டோ, மூன்று வருஷ வருமான விவரம், இருவர் வசதிக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தால் அதற்கு விளக்கம், தருபவரின் வீட்டாருக்கு விஷயம் தெரியுமா என்று விசாரணை. ஒரு கோடீஸ்வரர் மேல் ஒரு கூலித் தொழிலாளிக்குத் திடீரென்று கிட்னி அளவுக்கு அன்பு பொங்குகிறது என்றால், விதியை எழுத்தெழுத்தாகப் படித்தாலே சந்தேகம் வர வேண்டும். வராமல் போவதற்கு விதியில் ஓட்டை காரணம் இல்லை. காகிதம் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலை, எதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷனைப் பார்ப்பது இன்னொரு வேலை.

இதுவரைக்கும் விற்பனை. ஆனால் இந்த வாதத்தை நேர்மையாகக் கொண்டுபோனால் அது நம் வீட்டுக்குள்ளும் வந்து நிற்கும். கடன் நெருக்குவதால் சம்மதம் கறைபடுகிறது என்றால், குடும்பம் நெருக்குவதால் கறைபடாதா? ‘தானம்’ என்று சட்டமும் சமூகமும் கொண்டாடுகிறதே, அதில் எவ்வளவு தானம்? தேசிய உறுப்பு மாற்று அமைப்பு வெளியிட்ட 1995 முதல் 2021 வரையான கணக்கில், உயிருள்ளவர் தந்த உறுப்பைப் பெற்றுக்கொண்டவர்களில் ஐந்தில் நாலு பேர் ஆண்கள். கொடுப்பதில் பெண்களே அதிகம் என்பது சிறுநீரக மருத்துவர்கள் பல வருஷமாகச் சொல்லி வருவது. அம்மா மகனுக்குத் தருகிறாள், மனைவி கணவனுக்குத் தருகிறாள். “அவர் சம்பாதிச்சாத்தானே குடும்பம் ஓடும்” என்பது கோஹன் சென்னையில் கேட்ட அதே பதில், இங்கே காசு மட்டும் கைமாறவில்லை. பெரும்பாலும் அது மனசார, பயத்தையும் மீறித் தருவதுதான், அதைக் கொச்சைப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் மனசில்லாத ஒரு தங்கை எப்படி ‘மாட்டேன்’ என்று சொல்வாள்? சொல்லிவிட்டு அடுத்த பொங்கலுக்கு எந்த முகத்தோடு பிறந்த வீட்டுக்குப் போவாள்?

மருத்துவர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள், உலகம் முழுக்கப் பல இடங்களில் நடப்பது. தருபவரைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பார்கள். அவருக்கு உள்ளூர இஷ்டமில்லை என்று தெரிந்தால், குடும்பத்திடம் “உடம்பு ஒத்து வரலீங்க” என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். கறாராகப் பார்த்தால் இது பொய். அந்தப் பொய்யை நம்பி நோயாளியின் குடும்பம் வேறு வழி தேடி அலையும். சில மருத்துவர்கள் இதனால்தான் பொய்யும் சொல்லாமல், காரணமும் சொல்லாமல், “இவர் தர இயலாது” என்று மட்டும் சொல்வதை விரும்புகிறார்கள். எனக்கு அந்தப் பொய்யே பிடித்திருக்கிறது. ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியாத இடத்தில் இருப்பவருக்கு ‘முடியாது’ என்று சொல்ல ஒரு வாய் கிடைக்கிறது. 60ஆம் பிரிவு கடனாளிக்குக் கொடுப்பதும் இதைத்தான், கிட்னி விற்பனைத் தடை நன்றாக வேலை செய்தால் அந்தத் தெருப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியதும் இதைத்தான்.

வாங்குகிற பக்கத்தைப் பற்றிப் பேசாமல் விட்டால் அநியாயம். வாரம் மூணு நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம் மெஷினில் படுத்திருப்பவரை நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்திருந்தால் தெரியும். சித்திரை வெயிலில் தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். வேலை போகும், கூடவே அழைத்துப்போகிறவருக்கும் வேலை போகும். அப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் புரோக்கரின் நம்பரைத் தேடினால் அவரை ராட்சசன் என்று என்னால் எழுத முடியாது. எழுத முடியாது என்பதற்காகச் செய்தது சரி என்று ஆகிவிடாது. தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருவரின் கடனைப் பயன்படுத்திக்கொள்கிறார், அவ்வளவுதான் உண்மை.

ரத்தத்தில் ஒருமுறை இதைக் கடந்து வந்திருக்கிறோம். காசுக்கு ரத்தம் தருபவர்களை நம்பித்தான் பல ஊர் ஆஸ்பத்திரிகள் ஓடின. 1996இல் உச்ச நீதிமன்றம் இரண்டு வருஷத்துக்குள் அதை ஒழிக்கச் சொன்னது. இப்போது முகாம் போட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் தருகிறார்கள். கிட்னி ரத்தம் இல்லை, திரும்ப ஊறாது, முகாம் போட முடியாது. அதற்கு இணையான வழி மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகள். அதில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்னோடி: 2008இல் அரசாணைகள் வந்தன, அதே வருஷம் செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஒரு மருத்துவத் தம்பதி விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள், சென்னையில் போக்குவரத்தை நிறுத்தி இதயத்தைக் கொண்டுபோனதை மாநிலமே பார்த்தது. 2023 செப்டம்பரில் இப்படிக் கொடுப்பவர்களுக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு என்று முதல்வர் அறிவித்தார். நல்ல ஏற்பாடு. இரண்டு குடும்பங்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்கிற வழியையும் 2011 திருத்தம் திறந்தது: என் கிட்னி என் கணவருக்குப் பொருந்தாது, உங்களுடையது உங்கள் மகனுக்குப் பொருந்தாது, மாற்றிப் பார்த்தால் பொருந்தும். இதையெல்லாம் எவ்வளவு விரிக்கிறோமோ அவ்வளவுக்குப் புரோக்கரின் செல்போன் அடிப்பது குறையும். ஆனால் விற்கிறவரின் கடனை இவை எதுவும் தொடவில்லை. வாரா வாரம் குழு லோன் தவணை கேட்டு வருபவர் அப்போதும் வருவார். அது வேறு சட்டம், வேறு துறை, வேறு அமைச்சர்.

கடைசியாக, சட்டத்தில் யாரும் அதிகம் பேசாத ஒரு வரி. உறுப்புக்குப் ‘பணம்’ என்றால் என்ன என்று விளக்குகிற இடத்திலேயே, தருபவருக்கு ஆகிற செலவும் அதனால் அவர் இழக்கிற கூலியும் அதில் சேராது என்று இருக்கிறது. அதாவது, தன் சொந்த அண்ணனுக்குக் கிட்னி தருகிற ஒரு தறித் தொழிலாளிக்கு, வெயிட் தூக்க முடியாமல் வீட்டில் இருக்கிற வாரங்களின் கூலியை ஈடுகட்டுவது குற்றமே இல்லை. 1994 முதல் அந்த வரி அங்கேதான் இருக்கிறது. அந்தக் கூலியை யார் தருவது என்று அதில் எழுதவில்லை.